வலது பக்கம் அவருடையது

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், இரண்டே கால் அடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் ஒரு நீலக் கார் நிற்கிறது. செம்பாக்கத்துக்கு எங்களைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ராக்கெட்டா என்று கேட்பார்கள். இல்லை, கார்தான், அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமான கார் எது என்று போட்டி போட்டுக்கொண்டு உப்புத்தரையில் ஓட்டினார்களே, அந்த மாதிரிக் கார் என்று சொல்வேன். சுற்றி வந்து பார்ப்பார்கள். வலது பக்கம் வந்ததும் நின்றுவிடுவார்கள். முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் இல்லாமல் வெறும் அலுமினியம் தெரியும். "இந்த இடத்துல மட்டும் டச்-அப் பண்ணிட்டா சூப்பரா இருக்கும் சார்" என்பார்கள். நான் தலையாட்டிவிட்டுக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பேன். அந்த இடத்தில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமாக நான்.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஜினீயரிங் டிராயிங் நடத்தியவன். பிள்ளைகள் வரைந்துகொண்டு வரும் ஷீட்டில் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்புப் பென்சிலால் சுழிப்பதுதான் பிழைப்பு. ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பென்சில் என் கையைவிட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல், வாசலில் கட்டிய இரண்டு வாழைமரங்களில் ஒன்று சாய்ந்திருப்பதைப் பற்றிப் பேசுகிற ஆள் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லுவாள். உண்மைதான். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

இந்தக் காரைச் செய்தது நான் மட்டும் இல்லை. பாதி நான், பாதி என் மச்சான். என் மனைவியின் அண்ணன். என்னைவிட மூன்று வயது பெரியவர். பழைய பல்லாவரத்தில் வீடு. கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படித்தது ஐ.டி.ஐ., நான் டிகிரி. இதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் மறந்ததில்லை.

அவர் வீட்டில் நான் மாப்பிள்ளை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆகி, தலை முழுக்க நரைத்த பிறகும் மாப்பிள்ளைதான். நான் உள்ளே நுழைந்ததும் டேபிள் ஃபேன் என் பக்கம் திரும்பும். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்கு. நான் அபத்தமாக ஏதாவது உளறினாலும், "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மச்சான் பேச்சை முடித்துவிடுவார். பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார்கள். வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது சுகமாகத்தான் இருந்தது.

கார் யோசனை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிறந்தது. நான் ரிட்டயர் ஆன வருஷம். அந்தச் சந்தையில் செடியும் கிடைக்கும், புறாவும் கிடைக்கும், ஜோடியில்லாத ஒற்றை ஷூவும் கிடைக்கும். பழைய சாமான் பரப்பியிருந்த ஒரு தார்ப்பாயின் மேல், பைண்டு செய்த ஆங்கில மோட்டார் பத்திரிகை ஒன்று கிடந்தது. குந்தி உட்கார்ந்து புரட்டினேன். "இன்னா சார், நின்னு படிச்சிட்டே போயிடுவ போல" என்றார் கடைக்காரர். நான் நிற்கவே இல்லை, உட்கார்ந்துதான் இருந்தேன் என்று அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தபோது, மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மாப்ள, அந்தப் பக்கத்தைத் திருப்பாதீங்க" என்றார்.

அந்தக் காரின் இரண்டு போட்டோ, அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தது. விமான இன்ஜினைத் தூக்கி வைத்து, அதன்மேல் தகடு போர்த்திய ராட்சசக் கார். ஒரு போட்டோ ஓட்டத்துக்கு முன்னால் எடுத்தது, காரின் இடது பக்கம் தெரியும். இன்னொன்று ஓடி முடித்ததும் எடுத்தது. ஓட்டினவர் இறங்கிக்கொண்டிருப்பார், சுற்றிலும் ஆட்கள், காரின் வலது பக்கம் தெரியும். மச்சான் அந்த இரண்டாவது போட்டோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இத நாம செய்யலாமா மாப்ள?" என்று கேட்டார். அறுபது தாண்டிய இரண்டு பேர் நடுச்சந்தையில் நின்று இந்த முடிவை எடுத்து, பத்திரிகையையும் வாங்கிக்கொண்டோம்.

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். இருபத்தெட்டு அடிக் கார், இருபத்தெட்டு அங்குலம். நான் படம் வரைந்தேன். மரத்தில் அச்சு இழைத்து, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி வளைக்க வேண்டும். உடம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, இடது பாதியை நான் செய்வது, வலது பாதியை அவர் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

கூடவே ஒரு சட்டம். ஒருவர் பாதியில் மற்றவர் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது நான். என் வேலையில் யார் மூக்கை நுழைத்தாலும் எனக்குப் பிடிக்காது. அதிலும் டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்த மனிதர், என் தகட்டைப் பார்த்துவிட்டு, கொடுங்க மாப்ள நான் செய்யறேன் என்று வாங்கிவிடுவாரோ என்று பயம். "அவங்கவங்க பக்கம் அவங்கவங்க பொறுப்பு மச்சான், என்ன ஆனாலும்" என்றேன். "மாப்ள சொன்னா சரி" என்றார்.

அந்தச் சட்டத்தை அவர் காப்பாற்றிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுருங்குகிறது. எனக்குத் தகடு வேலை வராது. தட்டினால் சுருங்கும், இழுத்தால் கிழியும். அவர் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லுவார். "தகட்டு மேல பார் சோப்பத் தேய்ங்க மாப்ள. அடியில தீயக் காட்டுங்க. சோப்பு காபிக்கொட்டை கலருக்கு வரும், அப்போ நிறுத்தணும். அதுக்கு மேல போனா ஓட்டை வுழும்." எனக்கு ஐந்து தகட்டில் ஓட்டை விழுந்தது. அவர் விரல்கள் பின்னால் துடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் ஒரு நாள்கூட என் தகட்டை அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நிற்கும். மாடியறையில் பன்னிரண்டரை வரை தட்டுவோம். மேலே தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள் வட்டம் போடும். கீழே என் மனைவி, எங்கள் சத்தத்துக்கு விமானச் சத்தமே தேவலை என்பாள். இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. அவர் எப்போதோ முடித்திருக்கலாம். எனக்காகத்தான் மெதுவாகச் செய்தார் என்று நினைக்கிறேன்.

அதற்குள் சர்க்கரை அவர் கண்ணுக்கு இறங்கிவிட்டது. முதலில் ஸ்கூட்டர் நின்றது, பஸ்ஸில் வந்தார். பிறகு மகன் கொண்டுவந்து விட்டான். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வலது கண் போயிற்று. இடது கண்ணில் பூதக்கண்ணாடியை ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தார். சோப்பு நிறம் மாறுவது தெரியாமல், அது கருகும் வாசனையை வைத்துத் தீயை நிறுத்தினார். அப்போதும் அவர் தகட்டில் ஓட்டை விழவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் கண்ணில் பட்டதெல்லாம், அவர் சுத்தியலைத் தேடி மேஜையைத் தடவியது மட்டும்தான்.

மாசி மாதம் அவர் தன் பாதியை முடித்து என் முன்னால் வைத்தார். "என் பக்கம் ஆச்சு மாப்ள. அதுல ஒரு விஷயம் வெச்சிருக்கேன். பெயின்ட் அடிச்ச அப்பறம் சொல்றேன், அதுக்கு முன்னாடி நீங்களே கண்டுபுடிச்சாலும் சரி" என்று சிரித்தார். அடுத்த வாரமே மிச்சமிருந்த கண்ணில் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

அவருடைய பாதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இன்ஜின் மூடியில் சின்னஞ்சிறு கொக்கி ஒன்று, நிஜமாகவே மாட்டிக் கழற்றும்படி வைத்திருந்தார். விஷயம் என்று சொன்னது இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவு. ஒரு ஓரம் செங்குத்தாக, மறு ஓரம் சரிந்து. சுத்தியல் நழுவியிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், கண் தெரியாமல் தப்பாகத் தட்டிவிட்டார். என் பாதியில் அந்த இடம் வழவழப்பாக இருந்தது. இணையத்தில் தேடினேன். அந்தக் கார் இப்போது ஏதோ மியூசியத்தில் நிற்கிறது. அங்கே எடுத்த படங்களில் இரண்டு பக்கமும் வழவழப்புதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கேம்ப் ரோட்டில் கார் டிங்கரிங் செய்கிற கடையில் கொஞ்சம் பட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். நசுங்கிய காரை நிரவ அவர்கள் பூசுகிற பேஸ்ட். அதைப் பள்ளத்தில் நிரப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு இரண்டு பாதியையும் பொருத்தி நீலம் அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதுவும் செய்ததில்லை. வெளிச்சத்தை எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்த இடம் தெரியவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் மேல் பரிதாபப்பட்டுத்தான் செய்தேன். பரிதாபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை வருஷமாக என் தப்புகளைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்ற மனிதரிடம் நான் கண்டுபிடித்த முதல் தப்பு அது.

பங்குனியில் அவர் வந்தார். ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது என்றார். படியேறி மாடிக்கு வந்து, காரின் முன் உட்கார்ந்து, வலது பக்கம் கட்டைவிரலை வைத்தார். முன் சக்கரத்திலிருந்து பின்னால் இழுத்தார். நிறுத்தினார். திரும்பவும் முன்னாலிருந்து வந்தார். மூன்றாவது தடவை மெதுவாக, அழுத்தி. பிறகு விரலை எடுத்து ஆள்காட்டி விரலோடு வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள, என் பக்கம் எதுனா கை வெச்சீங்களா?"

கண் போன மனிதரிடம், உங்கள் தப்பை நான் சரி செய்தேன் என்று எப்படிச் சொல்வது? "பெயின்ட் மட்டும்தான் மச்சான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பேச்சை மாற்ற, "ஒரு விஷயம் வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அந்தக் கொக்கிதானே?" என்று கேட்டேன்.

"ஆமா மாப்ள. அதுதான்" என்றார். "சூப்பரா கீது."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், "இனிமே எதுக்கு மாப்ள, நீங்க முடிச்சிடுங்க" என்றார். ஒரு நாள் பல்லாவரம் போய்வந்த என் மனைவி கண் சிவந்து திரும்பினாள். அண்ணன் தன்னுடைய டூல்ஸ் பெட்டியைப் பழைய கம்பெனிக்காரர் ஒருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணுதான் போச்சுன்னு பாத்தேன், வெரலும் மரத்துப்போச்சும்மா" என்றாராம். டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள். டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஏதோ ஒன்றால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதத்தில்தான் கொஞ்சம் உணர்ச்சி குறைந்திருக்கிறது, கைவிரலில் ஒன்றும் இல்லை என்றிருக்கிறார். வெளியே வந்ததும் அண்ணன், "டாக்டருக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டாராம். எனக்கும் அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பாவம், மனசு விட்டுப்போய்விட்டது என்று நானும் உச்சுக் கொட்டினேன்.

சித்திரையில் காரின் மேல் நம்பர் எழுத வேண்டியிருந்தது. எழுத்து எப்படி இருந்தது என்று பார்க்க அந்தப் பத்திரிகையை எடுத்தேன். என் பாதிக்கு வேண்டிய இடது பக்கத்துப் போட்டோவைத்தான் எப்போதும் பார்ப்பேன், அன்று தாளைத் திருப்பி அடுத்த போட்டோவுக்குப் போனேன். அதற்குள் ஒரு பட்டர் பேப்பர் மடித்து வைத்திருந்தது. விரித்தேன். காரின் வலது பக்கத்தை மச்சான் பென்சிலால் டிரேஸ் செய்திருந்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம். அதன் நீளம், அகலம், ஆழம், சக்கரத்திலிருந்து எவ்வளவு தூரம், எல்லாவற்றுக்கும் அளவுக்கோடு போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார். ஒரு ஓரம் செங்குத்து, ஒரு ஓரம் சரிவு என்று தனியாக ஒரு வெட்டுப் படம். முப்பத்திரண்டு வருஷத்தில் என் வகுப்பில் யாரும் அவ்வளவு சுத்தமாக அளவு போட்டதில்லை. பக்கத்தில் ஒரே ஒரு வரி: உப்புக் கட்டி அடிச்ச இடம்.

அவருடைய பூதக்கண்ணாடி மேஜையில்தான் கிடந்தது. அதை வைத்துப் போட்டோவைப் பார்த்தேன். இருந்தது. சக்கரம் கிளப்பிய ஏதோ ஒன்று மோதி, தகடு உள்ளே போய், ஒரு பிறை மாதிரி நிழல். ஓட்டத்துக்கு முன் எடுத்த படத்தில் அது இருக்க வழியில்லை. மியூசியத்தில் யாரோ என்னைப்போல ஒருவர் நிரவியிருப்பார். கண் போய்க்கொண்டிருந்த மனிதர் அதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கார் நிஜமாகவே ஓடியது என்பதற்கு அந்தப் படத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அதைக் குண்டுத்தலைச் சுத்தியலால் இமியளவு பிசகாமல் தட்டி வைத்திருந்தார். கண் நன்றாகத் தெரிகிற நான் அதைத் தப்பு என்று பூசி மூடியிருக்கிறேன்.

அப்போதுதான் மற்றதும் உறைத்தது. பங்குனியில் அவர் விரல் மூன்று தடவை தேடியது அந்தப் பள்ளத்தை. அது அங்கே இல்லை. பெயின்ட் மட்டும்தான் என்று நான் சொன்னேன். அவர் என் வார்த்தையை நம்பினார், தன் விரலை நம்பவில்லை. டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? நான் சொல்லவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஒரு தடவை பத்திரிகையையும் பட்டர் பேப்பரையும் பையில் போட்டுக்கொண்டு பல்லாவரம் போனேன். "வாங்க மாப்ள" என்று குரலை வைத்தே கண்டுபிடித்து எழுந்து நின்றார். ஃபேனைத் தடவிக் கண்டுபிடித்து என் பக்கம் திருப்பினார். அவர் திட்டுவார் என்று நான் பயப்படவில்லை. திட்டமாட்டார் என்பதுதான் பயம். பரவாயில்ல மாப்ள என்பார், அதைக் கேட்டுக்கொண்டு காபியும் குடித்துவிட்டு வர வேண்டும். பையைத் திறக்காமலே திரும்பினேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆனியில் அவருடைய மகளுக்குத் தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அவருக்கு முதல் பேத்தி. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு நாங்கள் போயிருந்தோம். இலை போட்டுக் கொழுக்கட்டை வைத்தார்கள். வழக்கம்போல முதல் இலை எனக்கு. மச்சான் எதிரே நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு மாதிரி சிணுங்கியது. அவர் அதன் நெற்றியில் கை வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "உடம்பு சுடுதா பாரும்மா, எனக்குத் தெரியல" என்றார். மகள் வந்து தொட்டுப் பார்த்து, இல்லப்பா, சாதாரணமாத்தான் இருக்கு என்றாள். "கன்னம் ஈரமா கீதா? அழுதாளா?" என்று மறுபடி கேட்டார். ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுக் கேட்டார். இருட்டில் இருக்கிற மனிதருக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க இருந்தது விரல் மட்டும்தான். அதையும் நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.

இலையில் இருந்து எழுந்துவிட்டேன். கை கழுவவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், அந்தப் பள்ளத்தைப் பட்டி வெச்சு மூடினது நான்தான்."

"எந்தப் பள்ளம் மாப்ள?"

"முன் சக்கரத்துக்குப் பின்னாடி. உப்புக் கட்டி அடிச்ச இடம். நீங்க ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்திருந்தப்போ செஞ்சேன். கண்ணு தெரியாம தப்பாத் தட்டிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

என் மனைவி வாசற்படியில் அப்படியே நின்றாள். மச்சான் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"அப்போ பங்குனில நான் தடவறப்போ, அங்க பள்ளம் இல்ல."

"இல்ல மச்சான்."

"நெசமாவே இல்ல."

"இல்ல."

வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். "அப்போ என் வெரலு நல்லாத்தான் கீது" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "ஏம்மா, பாப்பாவுக்கு எடது காதுக்கு முன்னாடி கடுகு மாதிரி ஒண்ணு கீதா?"

மகள் தயங்கினாள். "ஆமாப்பா, பொறந்ததுலேர்ந்தே இருக்கு. சின்ன மரு. டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ கவலப்படுவியேன்னு சொல்லல. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." அவர் விரல் அந்தக் காதுக்கு முன்னால் போய், சரியாக அந்த இடத்தில் நின்றது. "மொத நாளே தெரிஞ்சுது. நானா நெனச்சிக்கிறேன் போலன்னு வுட்டுட்டேன்." குழந்தையின் மூக்கு, உதடு, முகவாய் என்று மெதுவாகப் போனார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மாசமா இவளத் தூக்கிக்கினு இருக்கேன் மாப்ள. தொட்டது நெசமா, கற்பனையான்னு தெரியாமலே தூக்கிக்கினு இருந்தேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, "மாப்ள பாதி எலையில எழுந்துட்டாரு பாருங்க, ஒக்கார வைங்க" என்றார். உட்கார்ந்தேன். இன்னொரு கொழுக்கட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மகனோடு வந்தார். மாடிக்கு ஏறி, காருக்கு முன் உட்கார்ந்தார். அவருடைய பெட்டி இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவருக்கு மனசில்லை, இன்றுவரை கேட்கவில்லை. என்னுடைய சின்ன உளியை எடுத்து வைத்தேன். பட்டி எங்கே தொடங்குகிறது, தகடு எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தேன். மச்சான் ஆள்காட்டி விரல் நகத்தால் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங் என்று தகடு ஒலித்தது. ஒரு இடத்தில் டொக் என்றது. "இங்கேர்ந்து" என்றார். இன்னும் கொஞ்சம் தட்டி, "இது வரைக்கும்" என்றார்.

பங்குனியிலேயே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். சந்தேகப்பட்டால்தானே தட்டிப் பார்ப்பார்.

உளியை அவர் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் பக்கம்தான், ஆனா அது நீங்க வெச்சது. நீங்களே எடுங்க மாப்ள."

எடுத்தேன். தகட்டில் கீறல் விழாமல் இருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசித் துணுக்கு உதிர்ந்ததும் ஊதித் துடைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்தேன். அவர் கட்டைவிரல் முன் சக்கரத்திலிருந்து பின்னால் வந்தது. செங்குத்தான ஓரத்தில் நின்று, சரிவில் இறங்கி, மெதுவாக மறுபக்கம் ஏறியது. ஒரே தடவைதான். மறுபடி தடவவில்லை.

பள்ளத்தில் தகடு வெள்ளையாகத் தெரிந்தது. நீலப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷையும் எடுத்துவிட்டேன். "அந்த இடத்துல லேசா ஒரு கோட்டிங் குடுத்துடறேன் மச்சான்" என்றேன்.

"வேணாம்" என்றார். "இனிமே என் பக்கம் வேணாம் மாப்ள."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் வேணாம் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. நான் டப்பாவை மூடி, பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன்.